எட்டு பம்பு, ஒரு குண்டு

துப்பாக்கி பத்தின பதிவுன்னதும் ஓடிடாதீங்க மக்களே. வெடிமருந்து, தோட்டா சமாச்சாரம் எதுவும் இல்லை. காத்துல வேலை செய்யற ஏர் ரைஃபிள் பத்தித்தான் பேசப்போறேன். அதுலயும் பொருட்காட்சியில பலூன் சுடக் கொடுப்பாங்களே, குழலை மடக்கி குண்டு போடற வகை, அது இல்லை. ஒரு குண்டு சுட நாலு தடவை, எட்டு தடவைன்னு பம்ப் அடிக்கணும். அந்தப் பழைய மல்ட்டி-பம்ப் ரைஃபிள்.

இந்தக் கிறுக்கு எனக்கு இருக்குன்னு தெரிஞ்சதும் நண்பர்கள் ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சுட்டாங்க. ஒரு கோஷ்டி, "துப்பாக்கின்னாலே தப்பு, பழைய இரும்புக்கடையில போட்டுட்டு வேற வேலையைப் பாரு"ங்குது. இன்னொரு கோஷ்டி, "குன்னூர்ல வீட்டை வச்சுக்கிட்டு அதை சும்மா துடைச்சுட்டே இருக்கியே, ரெண்டு காட்டுப்புறா அடிச்சுட்டு வர்றதுதானே"ங்குது. ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு ஒப்பலை. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல மெஷினைப் பார்ப்போம். (பொறியியல் படிச்ச பாவத்துக்கு இது கூட இல்லைன்னா எப்படி :) )

ஸ்பிரிங் வகை ஏர்கன்ல ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கும். மடக்கும்போது அது சுருங்கும். விசையை இழுத்தா ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளி, காத்தை அழுத்தி, குண்டைத் துப்பும். நம்ம ஊர் கடைகள்ல பல வருஷமா கிடைச்சது பெரும்பாலும் இதுதான். மல்ட்டி-பம்ப் வேற ஜாதி. கவுண்டமணி புண்ணியத்துல பெட்ரோமாக்ஸ் எல்லாருக்கும் தெரியும். பம்ப் அடிக்க அடிக்க டேங்குல அழுத்தம் ஏறுமே, அதே கதைதான். குழலுக்குக் கீழே இருக்கற கைப்பிடியை விரிச்சு மூடினா ஒரு பம்ப். உள்ளே போன காத்து திரும்பி வராம ஒரு வால்வு பிடிச்சுக்கும். விசையை இழுத்தா ஒரு சுத்தியல் வால்வைத் தட்டும், காத்து குண்டைத் தள்ளிட்டுப் போயிடும்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், வேகத்தை முடிவு பண்றது நம்ம கை. மூணு பம்ப் அடிச்சா மெதுவா போகும், எட்டு அடிச்சா வேகமா போகும். ஆனா எட்டு பம்ப் அடிச்சா நாலு பம்போட ரெண்டு மடங்கு வேகம் வரும்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு பம்புக்கும் கிடைக்கற லாபம் குறைஞ்சுட்டே போகும். பம்ப் குழாய்க்குள்ள பிஸ்டன் எட்டாத சின்ன இடம் ஒண்ணு எப்பவும் மிச்சம் இருக்கும். டேங்க் அழுத்தம் ஏற ஏற, அந்த இடத்துல மாட்டற காத்தோட பங்கு கூடிட்டே போகும். அதையும் மீறி அடிச்சுட்டே இருந்தா, சில மாடல்ல சுத்தியலால வால்வை முழுசா திறக்கவே முடியாது. சுட்ட பிறகும் உள்ளே காத்து மிச்சம் இருக்கும். காலின்னு நினைச்சுக் கையில வச்சிருக்கறது காலியா இருக்காது. ஜாக்கிரதை.

இப்ப கொஞ்சம் வரலாறு. காத்துத் துப்பாக்கி ஒண்ணும் குழந்தை விளையாட்டா ஆரம்பிக்கலை. 18-ம் நூற்றாண்டு கடைசியில ஆஸ்திரிய ராணுவமே ஜிரார்டோனி வடிவமைச்ச ஏர் ரைஃபிளைப் பயன்படுத்துச்சு. அதோட டேங்கை நிரப்ப தனிக் கைப்பம்புல கிட்டத்தட்ட 1500 தடவை அடிக்கணுமாம்! அமெரிக்காவுல 1803-06-ல லூயிஸ், கிளார்க் பயணத்துல கூட ஒரு ஏர் ரைஃபிள் போயிருக்கு.

நாம பேசற வகைக்கு அமெரிக்காதான் தாய்வீடு. செயின்ட் லூயிஸ் நகரத்துல வால்டர் பெஞ்சமின் ஆரம்பிச்சது பெஞ்சமின் கம்பெனி. 1920-கள்ல க்ராஸ்மன் வந்தாங்க. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் விஸ்கான்சின்ல ஷெரிடன். இந்த ஷெரிடன் கதை நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு நல்லாவே புரியும். 1947-ல சூப்பர்கிரேடுன்னு ஒரு மாடல் போட்டாங்க. வால்நட் கட்டை, அருமையான வேலைப்பாடு, விலை 50 டாலருக்கு மேல. சுமார் 2100 தான் செஞ்சாங்க. அதுக்குள்ள புத்தி வந்து, 1949-ல விலை குறைஞ்ச மாடல் சி போட்டாங்க. ப்ளூ ஸ்ட்ரீக், சில்வர் ஸ்ட்ரீக்னு அது பல பத்தாண்டு ஓடுச்சு. முதல் வெர்ஷன்ல எல்லா ஃபீச்சரையும் திணிக்காதேன்னு மேனேஜர் சொல்றது சரிதான் போல. பிறகு ஷெரிடனை பெஞ்சமின் வாங்க, ரெண்டையும் சேர்த்து 1992-ல க்ராஸ்மன் வாங்கிடுச்சு.

நீலகிரியில இதை வச்சுக்கறது தனிப் பாடு. பழைய பெஞ்சமின், ஷெரிடன் எல்லாம் பித்தளை, வெண்கலக் குழாய். குன்னூர் மூடுபனிக்கு அது துருப் பிடிக்காது, நிறம் மட்டும் கறுக்கும். ஆனா உள்ளே இருக்கற ஸ்பிரிங், ஸ்குரு, விசை எல்லாம் இரும்பு. ஜூன்லேர்ந்து டிசம்பர் வரை பீரோவுக்குள்ள இருக்கற ஷூவே பூசணம் பூக்கற ஊர் இது. உறைக்குள்ள போட்டு மூடி வச்சா போச்சு. காத்தோட்டமா, துணியால துடைச்சு, பூட்டுப் போட்ட அலமாரியில வைக்கணும்.

பழைய மாடல்ல சில பாகம் தோல் வாஷர். சைக்கிள் பம்ப் வாஷரோட ஒண்ணுவிட்ட தம்பி. ஒரிஜினல் வேணும்னு அமெரிக்காவுக்கு எழுதிட்டு உக்கார வேண்டாம். பம்ப்செட்டுக்கே பேர் போன கோயமுத்தூர் மலைக்குக் கீழேதான் இருக்கு. அளவு சொன்னா வெட்டிக் கொடுக்க ஆள் உண்டு.

சேகரிக்கறவங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். தயவுசெஞ்சு பாலிஷ் போடாதீங்க. எழுபது வருஷம் ஒரு கை பிடிச்சு, கைப்பிடி பக்கம் மட்டும் கறுப்பு தேய்ஞ்சு பித்தளை தெரியும் பாருங்க, அதுதான் அதோட சரித்திரம். பளபளன்னு ஆக்கினா கல்யாண வீட்டு வாடகைப் பாத்திரம் மாதிரி ஆயிடும்.

சரி, கசப்பான மேட்டருக்கு வருவோம்.

2016 ஆயுத விதிகள்படி, 20 ஜூல் சக்திக்கு மேல போற ஏர்கன்னுக்கும், 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மேல துளை இருக்கற ஏர்கன்னுக்கும் லைசென்ஸ் வேணும். 0.20 அங்குல ஷெரிடன் மாடல் சி-க்கு துளை அளவாலேயே லைசென்ஸ் கட்டாயம். "அது பழசு சார், அலங்காரத்துக்குத்தான்"னு சொல்லித் தப்பிக்கலாம்னு கனவு காணாதீங்க.

ஆனா அந்த 20 ஜூல்னா எவ்வளவுன்னு யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா? அரை கிராம் ஈயக் குண்டு 20 ஜூலோட போகணும்னா வேகம் விநாடிக்கு சுமார் 280 மீட்டர். மணிக்கு ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். இது பொம்மை இல்லை சாமி. 2008-ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அந்த 10 மீட்டர் போட்டி ரைஃபிளோட சக்தி ஏழெட்டு ஜூல்தான். கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் சுடறதும் அதே வகைதான். உலகத்துலயே துல்லியமான சுடுதலுக்கு அவ்வளவு போதும். அப்போ மிச்ச சக்தி யாருக்கு வேணும்? வெளிப்படையா சொல்றேன், முக்காவாசி நேரம் குருவி, புறா, அணில் அடிக்கறவனுக்குத்தான்.

எங்க மலையில இதைத் தேயிலைக்காட்டு ஓரத்துல நானே பார்த்திருக்கேன். ஞாயித்துக்கிழமை நாலு பையன் ஒரு ஏர்கன்னோட சோலைப் பக்கம் போவாங்க. கேட்டா, "லைசென்ஸ் வேணாம் அண்ணா, ஏர்கன்தான்"னு பதில் வரும். வச்சிருக்கறதுக்கு லைசென்ஸ் வேணாங்கறதும், அதால பறவையைச் சுடலாங்கறதும் ஒண்ணா? 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கு நீ எதால சுட்டேங்கறது முக்கியம் இல்லை. 3 வருஷம் வரை ஜெயில், 2022 திருத்தத்துக்கு அப்புறம் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். நீலகிரிச் சிரிப்பான் உலகத்துலயே நம்ம மலையையும் அதை ஒட்டின கொஞ்சம் இடத்தையும் விட்டா வேற எங்கயும் கிடையாது, அழியற நிலையில இருக்கு. நீலகிரி காட்டுப்புறாவும் ஆபத்துப் பட்டியல்லதான். நண்பர்கள் "ரெண்டு புறா"ன்னு சொல்றது இதைத்தான்.

உடனே ஒருத்தர் வருவார். "சலீம் அலியே சின்ன வயசுல ஏர்கன்னால சிட்டு அடிச்சவர்தானே?" ஆமாம். அடிச்ச சிட்டோட தொண்டையில மஞ்சள் இருக்கறதைப் பார்த்து, இது என்னன்னு கேட்டுக்கிட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே செயலாளரா இருந்த மில்லர்ட் அவருக்கு ஒரு உலகத்தையே திறந்து காட்டினார். அந்தக் கதையில முக்கியம் குண்டா, கேள்வியா? இன்னைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பைனாகுலர் போதும்.

எங்க ஊர்க் கதையும் அப்படித்தான். நீலகிரியில 1877-ல தொடங்கின வேட்டைச் சங்கம், 1879-ல வந்த வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் எல்லாமே வேட்டைக்காரங்க தங்களுக்கு நாளைக்கும் மிருகம் மிச்சம் இருக்கணும்னு செஞ்சதுதான். அந்தச் சங்கமே பின்னாடி வனவிலங்கு சங்கமா மாறுச்சு. தொழில்ல வக்கீலான ஈ.ஆர்.சி. டேவிதாரும் வேட்டையிலேர்ந்து வந்தவர்தான். துப்பாக்கியை விட்டுட்டு மலை மலையா நடந்து வரையாடுகளை எண்ணினார். அவர் நினைவாத்தான் அக்டோபர் 7 வரையாடு தினம். துப்பாக்கியைக் கொண்டாடறவங்க அதை இறக்கி வச்சவங்களையும் கொண்டாடணும்.

முதல் கோஷ்டிக்கும் பதில் சொல்லிடறேன். அருணாசலப் பிரதேசத்துல 2021 மார்ச்சுல ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம் ஆரம்பிச்சாங்க. கிராமத்து மக்கள் தாங்களே முன்வந்து 2000-க்கும் மேல ஒப்படைச்சிருக்காங்க. அருமையான விஷயம், நீலகிரிக்கும் வரணும். வந்தா முதல்ல கை தட்டறவன் நான்தான். ஆனா ஒப்படைக்கறதை எல்லாம் உருக்கறதுக்கு முன்னாடி, பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு தடவை பார்க்கட்டும். அரிதானது பத்து இருந்தா வால்வை எடுத்துட்டு ஒரு மியூசியத்துல வைக்கலாம். எச்.எம்.டி. வாட்ச், வால்வு ரேடியோ எல்லாம் தூக்கிப் போட்டுட்டு இப்ப விலை கொடுத்துத் தேடறோம் இல்லையா?

கடைசியா என் கட்சி இதுதான். பழைய பம்ப் ரைஃபிளோட அழகு அதோட மெதுவுல இருக்கு. ஒவ்வொரு குண்டுக்கும் எட்டு தடவை கை வலிக்கணும். எதைச் சுடப்போறோம், பின்னாடி யார் இருக்காங்க, இது அவசியமான்னு யோசிக்க அதுக்குள்ள போதுமான நேரம் இருக்கு. அதனால இதை வச்சிருக்கறவங்களுக்கு மூணே விதி: வீட்டுக்குள்ள பூட்டு, பின்னாடி மண்மூட்டை அடுக்கின காகித இலக்கு, வேலி தாண்டி வெளியே எடுக்கவே கூடாது. மூணாவது விதியை ஒத்துக்க முடியாதவருக்கு வேண்டியது பறவைதான், ரைஃபிள் இல்லை. அவர்கிட்ட என் வாஷர் அளவைக் கூட பகிர்ந்துக்க மாட்டேன்.

உங்க வீட்டுப் பரண்ல இப்படி ஏதாவது கிடந்தா, பழைய இரும்புக்காரர் வர்றதுக்கு முன்னாடி துளை அளவைப் பாருங்க. 4.5 மி.மீ.க்கு மேலன்னா முதல்ல காவல் நிலையத்துல விசாரிங்க. அதுக்குள்ளன்னா எந்த மாடல்னு சொல்லுங்க, பேசுவோம். திட்டறதா இருந்தாலும் வாங்க, ஆணி கம்மியா இருக்கற நாள் பார்த்து பதில் சொல்றேன் :)