உறுப்புப் பெயர் வரையறை

மொழியின் வளம் சொற்பெருக்கத்தால் விளங்குவது. அறிவியலின் வலிமை ஒரு சொல் ஒரு பொருளையே குறித்து நிற்றலால் விளங்குவது. இவ்விரண்டும் தம்முள் பகைபோலத் தோன்றும். அவை பகையல்ல என்பதும், உடலுறுப்புக்களின் பெயர்களை வரையறுத்தல் தமிழ் பயில்வோர்க்கும் உரிய கடமை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

பெயர்க்குழப்பம் மேனாட்டிலும் இருந்ததே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மக்களுடற் கூறுகளுக்கு ஐரோப்பிய நூல்களில் வழங்கிய பெயர்கள் ஏறக்குறைய 50,000. ஓருறுப்பிற்கே நாட்டுக்கொன்றும் ஆசிரியர்க்கொன்றுமாகப் பெயர்கள் மலிந்து கிடந்தன. 1895இல் உடற்கூற்றறிஞர் கழகத்தார் பாஸல் நகரிற் கூடி, அவற்றை ஏறக்குறைய 5,500 இலத்தீன் பெயர்களாகச் சுருக்கினர். பின்னர்ப் பன்முறை திருத்தப்பெற்ற அம்முயற்சியின் வழியிலேயே 1998இல் உலகப் பொதுப்பட்டியல் வெளிவந்தது.

ஆயினும் பட்டியல் மட்டும் இக்காலத்திற்குப் போதியதன்று. ஒரு மரபணு எலியின் சிறுமூளையில் தொழிற்படுதலை ஒருவர் கண்டு பதிகின்றார். அதனையொத்த மரபணு மீனின் மூளையில் தொழிற்படுதலை மற்றொருவர் பதிகின்றார். சிறுமூளை மூளையின் பகுதி என்பதை நாம் அறிவோம், கணிப்பொறி அறியுமோ? அறியாதாயின், மூளையைப் பற்றிய பதிவுகளைத் தருக என்று கேட்பவனுக்கு முதற்பதிவு கிட்டாமலே போம். உழைத்துக் கண்ட உண்மை, பெயர் வேறுபட்டமையால் புதைந்துவிடும்.

இக்குறையை நீக்கவே பல்வேறு விலங்கினங்களுக்கும் பொதுவான யூபெரான் என்னும் உறுப்புச் சொற்றொகுதி எழுந்தது. அதன் விளக்கம் 2012இல் வெளியாயிற்று. அதில் ஒவ்வோர் உறுப்பிற்கும் ஓர் எண் உண்டு. மூளை 0000955, இதயம் 0000948. ஒரே உறுப்பின் பல பெயர்களும் அவ்வெண்ணின் கீழ் அடங்கும். உறுப்புக்களுக்கிடையேயுள்ள உறவுகளும் குறிக்கப்பெறும். அவற்றுள் தலையாயவை இரண்டு: இஃது இன்ன வகையைச் சார்ந்தது என்பது ஒன்று, இஃது இன்னதன் பகுதி என்பது மற்றொன்று.

தமிழிலக்கணம் கற்றார்க்கு இவை புதியன அல்ல. முன்னையது பொதுவும் சிறப்பும். பின்னையது முதலும் சினையும். மேனிக்குச் சினையாகிய கை விரலுக்கு முதலாதலின், முதல் சினை என்பன சொல்லுவான் குறிப்பைப் பொறுத்தன என்று தொல்காப்பியர் அன்றே வரைந்துள்ளார். ஒரு பொருளின் பல பெயர்களையும், ஒரு சொல்லின் பல பொருள்களையும் தனித்தனியே வகுத்துக் காட்டியது திவாகர நிகண்டு. ஆதலின், இப்பணிக்கு வேண்டிய கருவி நம் கையிலேயே இருக்கின்றது.

பெயரொற்றுமை பொருளொற்றுமை ஆகாது. குதிரையின் முன்காலில் முழங்கால் என்று ஆங்கிலேயர் வழங்கும் மூட்டு, உண்மையில் நம் மணிக்கட்டிற்கு ஒப்பானது. பறவைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் சிறகென்று ஒரே பெயர், தோற்றமோ வேறு. நம் மொழியிலும் கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்பன பெயரால் உடன்பிறப்புக்கள், தொழிலால் அயலார். நரம்பு என்னும் சொல்லை மருத்துவ நூலார் உணர்ச்சியைக் கடத்துவதற்கு வைத்திருக்க, ஊசி குத்தும் குருதிக் குழாயையும் மக்கள் நரம்பென்றே வழங்குகின்றனர். இலங்கைப் பாடநூல்கள் நாடி, நாளம் என்பனவற்றைத் தமிழகப் பாடநூல்கள் தமனி, சிரை என்கின்றன. தமிழகத்தார்க்கோ நாளம் குருதிக் குழாய்க்குப் பொதுப்பெயர். நாடி கைபிடித்துப் பார்க்கும் துடிப்பு. ஒரே மொழி பேசும் இரு மருத்துவர் ஒருவர் எழுதியதை மற்றவர் பிறழ வுணர்ந்தால், துன்புறுவான் நோயாளியன்றோ?

தமிழ் எங்கும் குறையுடையது என்று கொள்ளற்க. ஆங்கிலத்தார் பேச்சுவழக்கில் கைவிரலுக்கு ஒரு சொல்லும் கால்விரலுக்கு ஒரு சொல்லும் உடையர். இரண்டையுந் தழுவ நூல்வழக்குச் சொல்லை நாடுவர். நமக்கோ விரல் பொது. கைவிரல், கால்விரல் சிறப்பு. இவ்வழகிய ஒழுங்கு உழவனும் அறிந்தது.

வரையறை மொழியைச் சிறைப்படுத்தும் என்பாரும், எண்ணிட்டழைத்தல் சொல்லின் உயிரைப் போக்கும் என்பாரும் உளர். அவர் அச்சம் வெறுமையன்று. கழகத்தார் ஆணையால் மக்கள் வழக்கு மாய்வது கேடே. ஆனால் எண் பொருளுக்கு இட்ட அடையாளமேயன்றிப் பெயருக்கு மாற்றன்று. அவ்வெண்ணின் கீழ் நாடி, தமனி இரண்டும் வாழலாம். நாளை இன்னுஞ் சிறந்த சொல் தோன்றினும் பழைய பதிவுகள் கெடா. மக்கள் வழக்கைப் பிழையென்று தள்ளாது, எப்பொருளில் வழங்குகின்றது என்று குறித்து வைத்தலே முறை.

1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். வேற்று நாட்டார் ஒருவர் தமிழைக் கற்று இவ்வளவு செய்தாராயின், தமிழில் பிறந்து தமிழே பாடமாகக் கொண்ட நாம் வாளாவிருத்தல் தகுமோ?

உயிர்நூல் பயில்வார் பொருளை அறிவர்; தமிழ் பயில்வார் சொல்லை அறிவர். ஒரு கல்லூரியின் இரு வகுப்பினர் வாரம் ஒரு மணி நேரம் கூடியமர்ந்து, ஓருறுப்பிற்கு வழங்கும் தமிழ்ப் பெயர்களையெல்லாம், எவ்வூர், எந்நூல், எப்பொருள் என்னும் குறிப்போடு திரட்டி, உரிய எண்ணின் கீழ்ச் சேர்த்துவரின், ஆண்டிறுதியில் ஒரு நற்றொகுதி உருவாகும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. பொறுமையும், ஒருவர் துறையை மற்றவர் மதிக்கும் பண்புமே வேண்டும். அத்தகைய தொண்டிற்கு நம் கல்லூரி மாணவர் முற்படுவாராக.