பிளம் இல்லாத பிளம் கேக்கும், பாதாம் மாவு வீகன் கேக்கும்... பில்லைப் பிரிச்சுப் பார்ப்போமா?

``எக்லெஸ்தான் மேடம்... அப்போ வீகன்தானே?"

போனில் பேக்கரிக்காரர் ரொம்ப நம்பிக்கையாகச் சொன்னார். ``கண்டென்ஸ்டு மில்க் போடுவீங்களாண்ணா?" என்று கேட்டேன். ``பின்ன? அது போட்டாத்தான் சாஃப்ட்டா வரும்" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டு அடுத்த கடைக்கு அடித்தேன். அங்கே வெண்ணெய் போடுவார்களாம். மூன்றாவது கடையில், ``வீகன்னா சுகர்ஃப்ரீயா?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் ஆபீஸில் ஒரு அக்கா இருக்கிறார். அவர் மகனுக்குப் போன வாரம் ஆறு வயது முடிந்தது. பையனுக்குப் பால் அலர்ஜி. ஒரு ஸ்பூன் தயிர் பட்டாலே உடம்பெல்லாம் தடித்துவிடும். ஒருமுறை மூச்சுத்திணறல் வரைக்கும் போயிருக்கிறது. முட்டையும் சேராது. நட்ஸ் மட்டும் பிரச்னை இல்லை. ``இதுவரைக்கும் அவன் பர்த்டேக்கு அவனே சாப்பிடாத கேக்கைத்தான்டி வெட்டியிருக்கோம்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னபோது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. ``இந்த வருஷம் நான் பண்றேன்க்கா" என்று வாய் விட்டுவிட்டேன்.

இன்ஸ்டாவில் `வீகன்' என்பது ஒரு ட்ரெண்ட். கஃபே மெனுவில் அது 150 ரூபாய் கூடுதல் விலை. அந்த அக்கா வீட்டிலோ, அதை நம்பி ஒரு குழந்தை வாயைத் திறக்கிறது. அதனால் இந்த வார்த்தைக்கு சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் தேடிப் பார்த்தேன்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம், அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, 2022-ல் வீகன் உணவுகளுக்கென்று தனி விதிமுறையே கொண்டு வந்திருக்கிறது. விலங்கிலிருந்து வந்த எதுவும், உணவில் மட்டுமல்லாமல், அது தயாராகும் எந்தக் கட்டத்திலும் சேரக் கூடாது. பால், முட்டை, தேன் எல்லாம் அவுட். ஃப்ளேவர், என்சைம் போன்ற குட்டிக்குட்டிச் சேர்மானங்களுக்கும் இதே விதி. பச்சை நிறத்தில் `வி' எழுத்து, அதன் தலையில் ஓர் இலை... இந்த லோகோவைப் பாக்கெட்டில் போடவும் அனுமதி வாங்க வேண்டும். நாம் சின்ன வயதிலிருந்து பார்க்கும் பச்சைப் புள்ளி வேறு. பாலும் நெய்யும் வழிந்தாலும் அதற்கு பச்சைப் புள்ளிதான். `எக்லெஸ்' என்று எழுதியிருந்தால் முட்டை இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வீகன் என்பது அலர்ஜிக்கான உத்தரவாதம் கிடையாது. பாதாம், முந்திரி, சோயா, கோதுமை எல்லாமே பக்கா வீகன். அலர்ஜி லிஸ்ட்டிலும் முன்வரிசையில் நிற்பவை. அதுபோக, காலையில் பட்டர் கிரீம் அடித்த அதே பீட்டரில் மதியம் வீகன் மாவைக் கலக்கினால், அந்தப் பையனுக்கு அது பால் சேர்ந்த கேக்தான். பாக்கெட் உணவில் பால், முட்டை, நட்ஸ் இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து அட்டை டப்பாவில் வைத்துக் கொடுக்கும் கேக்கில் எந்த லேபிளைப் படிப்பது? கேட்டால், மேலே சொன்ன மூன்று போன்கால்கள்தான்.

அதனால் வீட்டிலேயே செய்வது என்று முடிவானது. பையன் கேட்டது ஃப்ரூட் கேக். வீட்டில் எல்லோரும் சொன்னது, ``பிளம் கேக் பண்ணிடு."

வேடிக்கை என்னவென்றால், நாம் காலங்காலமாகச் சாப்பிடும் பிளம் கேக்கில் பிளம்ஸ் இருக்காது. பழைய ஆங்கிலத்தில் உலர்திராட்சையையும் `பிளம்' என்ற பெயரில் சொல்லும் வழக்கம் இருந்தது. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கேரளத்தின் தலச்சேரியில் 1883-ல் மாம்பள்ளி பாபு என்பவர்தான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்று சொல்வார்கள். பிரவுன் என்ற தோட்டத்துரை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி, `இதுபோல வேண்டும்' என்று கேட்டாராம். அவர் சொன்ன பிராந்திக்கு பாபு எங்கே போவார்? முந்திரிப்பழத்திலிருந்தும் கதலி வாழைப்பழத்திலிருந்தும் எடுத்த நாட்டுச்சரக்கை ஊற்றிச் செய்தாராம். துரைக்கும் பிடித்துப்போனதாகக் கதை. எவ்வளவு நிஜமோ தெரியாது, ஆனால் எனக்குப் பிடித்த கேக் கதை இதுதான். சீமையிலிருந்து வந்த ஒரு ரெசிப்பி, கண்ணூர்ப் பக்கத்துப் பழத்தை வாங்கிக்கொண்டு நம்ம ஊர் ஆகியிருக்கிறது.

நம்மூரிலும் நிஜ பிளம்ஸ் இருக்கிறது. அதுவும் சரியாக இந்த சீஸனில். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் மே, ஜூனில் பழுக்கிறது. கொடைக்கானல் போய்வரும் வழியில் ரோட்டோரக் கடைகளில், கறுஞ்சிவப்பில் மேலே சாம்பல் பூத்த மாதிரி குவித்து வைத்திருப்பார்களே... அதேதான். இமாச்சலப் பழம் கொஞ்சம் பின்னால் வரும், ஆளும் பெரிசு. நம்ம மலைப் பழம் சின்னது, தோல் பக்கம் செம புளிப்பு. அப்படியே சாப்பிட்டால் ஒரு கண் மூடும். கேக்குக்கு அந்தப் புளிப்புதான் வேண்டும். பிரச்னை என்னவென்றால், பழுத்த பிளம்ஸ் சில நாள்தான் தாங்கும். மாம்பழத்தைக்கூட வைக்கோலில் வைத்து ஒப்பேற்றலாம். இது அமுங்கினால் போச்சு. மலையில் எல்லா மரமும் ஒன்றாகப் பழுக்கும்போது விலை இறங்கும். சீஸன் முடிந்ததும் நாம் அடுத்த டிசம்பருக்கு, பிளம்ஸே இல்லாத `பிளம் கேக்'குக்கு க்யூவில் நிற்போம்.

சரி, கிச்சனுக்கு வருவோம். முதல் கேக் ஃபெயில். இணையத்தில் பார்த்த ஒரு ரெசிப்பியை நம்பி, கால் கிலோ பாதாம் மாவையும் மொத்தமாகக் கொட்டினேன். ஓவனில் அழகாக உப்பியது. வெளியே எடுத்த பத்தாவது நிமிடம் நடுவில் பொதக்கென்று இறங்கி, கிணறு மாதிரி ஆனது. உள்ளே வேகாத களி. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ``அல்வான்னு சொல்லிக் குடுத்துடேன்" என்றார்.

காரணம் யோசித்தால் சிம்பிள். மைதாவில் குளூட்டன் இருக்கிறது. மாவு உப்பும்போது அதைப் பிடித்து நிறுத்துவது அதுதான். பாதாம் மாவில் குளூட்டன் கிடையாது. அதனால் பாதாம் கேக்குகளில் வழக்கமாக முட்டைதான் தூணாக நிற்கும். நான் ஒரே நேரத்தில் இரண்டையும் எடுத்துவிட்டேன். போதாததற்கு பழச்சாறு வேறு உள்ளே இறங்கியிருக்கிறது.

இரண்டாவது முறை 100 கிராம் பாதாம் மாவு, 100 கிராம் மைதா என்று பாதிப் பாதி. முட்டைக்குப் பதில் ஒரு டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்தேன். வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று ஆகும், அதுதான் பிடிமானம். நாட்டுச்சர்க்கரை 120 கிராம், எண்ணெய் 80 மில்லி, கெட்டித் தேங்காய்ப்பால் 120 மில்லி, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சோடா உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச்சாறு, ஏலக்காய் கொஞ்சம். கால் கிலோ பிளம்ஸைக் கொட்டை நீக்கி, துண்டு போட்டு, ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டிக்கொள்ளுங்கள். புரட்டினால் சாறு உடனே மாவில் இறங்காது. பாதியை மாவில் கலந்து, மீதியை மேலே அடுக்க வேண்டும். 170 டிகிரியில் 50 நிமிடம். பாதாம் சீக்கிரம் கருகும் என்பதால் அரை மணி நேரத்துக்குப் பிறகு மேலே ஃபாயில் மூடினேன். நடுவில் குச்சி விட்டுப் பார்த்து, டின்னிலேயே முழுசாக ஆறவிட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உதிரும். எனக்குப் பொறுமை இருந்தது, அண்ணனுக்கு இல்லை. ஒரு மூலை காலி.

டூட்டி ஃப்ரூட்டி, சிவப்பு செர்ரியையெல்லாம் நான் தவிர்த்துவிட்டேன். டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய், பல நேரம் செர்ரி என்று வருவது களாக்காய். அதில் தப்பில்லை. ஆனால், சிவப்பு நிறத்துக்கு ஐ.என்.எஸ் 120 என்று போட்டிருந்தால் அது கார்மைன், ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுப்பது. வீகன் கணக்கில் வராது. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

கேக் வந்துவிட்டது. இப்போது பில்.

பாதாம் மாவு கால் கிலோ 340 ரூபாய்க்கு வாங்கினேன். 100 கிராமுக்கு 136 ரூபாய். பிளம்ஸ் அரைக் கிலோ 90 ரூபாய், பாதிதான் போட்டேன், ஆக 45. மைதா, சர்க்கரை, எண்ணெய், தேங்காய், மற்றதெல்லாம் சேர்த்து 60 ரூபாயைத் தாண்டவில்லை. மொத்தம் சுமார் 240. கேக்கின் எடையில் எட்டில் ஒரு பங்கு இருக்கும் பாதாம், செலவில் பாதிக்கு மேல் தின்றிருக்கிறது. வீகன் கேக் விலை ஏன் அப்படி என்று கேட்டால், முட்டையையும் வெண்ணெயையும் எடுத்ததால் அல்ல. அந்த இடத்தில் பாதாமைக் கொண்டுவந்து உட்காரவைத்ததால்.

அந்தப் பாதாம் எங்கிருந்து வருகிறது? உலகப் பாதாமில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா என்ற ஒரே மாகாணத்தில் விளைகிறது. அவர்களுடைய மிகப்பெரிய வெளிநாட்டு வாடிக்கையாளர் இந்தியா. நம்ம லட்டும் அல்வாவும் அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது, வரிச் சண்டைகளில் பாதாம் பெயர் அடிபடுவதிலிருந்தே தெரியும். 2019-ல் அமெரிக்காவுக்குப் பதிலடியாக இந்தியா கூடுதல் வரி போட்ட பொருள்களில் பாதாமும் ஒன்று. ஓட்டோடு வருவதற்கு கிலோவுக்கு 7 ரூபாய், ஓடு நீக்கியதற்கு 20 ரூபாய். 2023 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி-யும் மாறியது. பாதாமுக்கு 12 சதவிகிதத்திலிருந்து 5. கேக்குக்கு 18-லிருந்து 5. பாதாம் பால் மாதிரியான பானங்களுக்கும் 18-லிருந்து 5. ஆக, வீகன் கேக் கொஞ்சம் மலிவாக வேண்டிய நேரம் இது. உங்கள் ஊர் கஃபே மெனுவில் இறங்கியிருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. ஒரே ஒரு பாதாம்பருப்புக்கு சராசரியாக 12 லிட்டர் என்கிறது கலிஃபோர்னியா பற்றிய ஓர் ஆய்வு. அதுவும் அடிக்கடி வறட்சி வரும் பூமியில். அப்புறம் தேனீ. பிப்ரவரியில் பாதாம் பூக்கும்போது, மகரந்தச் சேர்க்கைக்காக அமெரிக்கா முழுவதிலுமிருந்து 20 லட்சம் தேன்கூடுகள் அளவுக்கு லாரிகளில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். தேன் ஒரு ஸ்பூன் விட்டால் கேக் வீகன் இல்லை. தேனீயை லாரியில் ஏற்றி வேலை வாங்கிய பாதாம் வீகன். விதிப்படி இது சரிதான், தேனீ `சேர்மானம்' இல்லையே. வெளிநாட்டு வீகன்களே இதை வைத்து இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் இதில் பஞ்சாயத்து பண்ண வரவில்லை. ஆனால், `நோ முட்டை, நோ பால்' என்று மட்டும் சொல்லிவிட்டு மனசாட்சி க்ளீன் என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

காஷ்மீர்ப் பாதாம் வாங்கலாமே என்று கேட்கலாம். தாராளமாக. அங்கே பாதாம் தோப்புகள் குறைந்து ஆப்பிளாக மாறிக்கொண்டிருப்பதால் கிடைப்பது கஷ்டம், விலையும் கூட. முந்திரி? பண்ருட்டி நம்ம ஊர்தான், ஆனால் இந்தியாவில் உடைக்கும் முந்திரியில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையை மிக்ஸியில் விட்டுவிட்டு அடித்து ஒருமுறை செய்து பார்த்தேன். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுவிடும், ஜாக்கிரதை. கேக் நன்றாகவே நின்றது. வாசம்தான் கடலைமிட்டாய் வாசம். எனக்கு ஓகே. பிளம்ஸின் புளிப்போடு அது சேர்வது தனி ருசி. ஆனால், `வேர்க்கடலை மாவு கேக்' என்று போட்டால் எந்த கஃபேயும் 350 ரூபாய்க்கு ஒரு துண்டு விற்க முடியாது. பாதாமுக்கு நாம் கொடுப்பதில் ஒரு பங்கு அந்தப் பெயருக்குத்தான்.

பையனுக்கு மட்டும் பாதாம் கேக்கையே எடுத்துப்போனேன். வேர்க்கடலை அவனுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது அக்காவுக்கே உறுதியாகத் தெரியாது. பிறந்தநாள் அன்று அதைச் சோதித்துப் பார்க்க முடியாது. புது டின், புது கரண்டி, கழுவிக் காய வைத்த மிக்ஸி ஜார். என்னென்ன போட்டேன் என்று ஒரு பேப்பரில் எழுதி டப்பா மேல் ஒட்டியிருந்தேன். அக்கா கேக்கைப் பார்க்கும் முன் அதைத்தான் படித்தார், ஒன்றுக்கு இரண்டு முறை.

பையன் மேலே இருந்த பிளம்ஸை மட்டும் முதலில் பொறுக்கித் தின்றான். அப்புறம் நிமிர்ந்து, ``பாட்டிக்கும் ஒண்ணு குடு. இது நான் சாப்பிடுற கேக்கு" என்றான்.

கோயம்பேட்டில் கொடைக்கானல் பிளம்ஸ் இன்னும் சில வாரம் வரும் என்றார் பழக்கடை அண்ணன். நான் ரெண்டு கிலோ வாங்கி, துண்டு போட்டு ஃப்ரீஸரில் வைத்திருக்கிறேன், டிசம்பருக்கு.