மீண்டும் எழுதப்போகும் மகளுக்கு



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் சித்தியடைந்த பிள்ளையின் வீட்டுக்கு வாழ்த்தும் இனிப்பும் போகின்றன. சித்தியடையாத பிள்ளையின் வீட்டுக் கதவு பாதி சாத்தியிருக்கும். ஒரு வாரம் சென்றால் ஊர் அதை மறந்துவிடும். அந்தப் பிள்ளை மட்டும் மறக்காது. "அடுத்த முறை எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு, கூட்டாளிமார் எல்லோரும் தத்தம் வழியில் போன பின்னர், ஒரு மேசைக்கு முன்னால் தனியே அமர்ந்திருக்கும். இம்மாதம் அந்தப் பிள்ளையைப் பற்றியும், அதனைச் சூழ இருக்கும் நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம்.

வர்த்தகப் பிரிவில் கணக்கீட்டுப் பாடத்தில் தவறிய மாணவியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எமது பெண்பிள்ளைகள் பலர் தெரிவு செய்யும் பிரிவு அது. பாடசாலையை விட்டு விலகியதும் அவள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகிவிடுகிறாள். மணி அடிப்பதற்கு ஆளில்லை. கொப்பி பார்ப்பதற்கு ஆசிரியை இல்லை. பிரத்தியேக வகுப்பு தூரம், கட்டணமும் அதிகம் என்று வீட்டில் தயங்குகிறார்கள். ஆகவே "வீட்டிலிருந்தே படி" என்று முடிவாகிறது.

இங்கே ஒரு விடயத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் சித்தி பெற்றிருக்க வேண்டும். கணக்கீட்டில் மாத்திரம் தவறியவளும் பல்கலைக்கழகத்தை நாடினால் பொருளியலையும் வணிகக் கல்வியையும் சேர்த்தே மீண்டும் எழுத வேண்டும். அதிலும் மூன்று தடவைகள் என்ற எல்லை இருக்கிறது. பயந்த பாடத்தோடு மட்டும் ஆண்டு முழுவதும் போராடிவிட்டு, முன்னர் நன்றாகச் செய்த பாடத்தில் சறுக்கி விழுந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். எனவே, மேசையில் மூன்று பாடப் புத்தகங்களும் இருக்கட்டும்.

நான் மார்க்கக் கல்வி கற்பிப்பவன். கணக்கீடு எனது பாடமன்று. எனினும் ஆசிரியர் ஓய்வறையில் கணக்கீட்டு ஆசிரியர்கள் பக்கத்தில் பல வருடங்கள் அமர்ந்து கேட்டதில், அப்பாடத்திலேயே தவறியவளுக்கு ஒரு மருந்து இருப்பதைக் கண்டேன்.

பரீட்சை மீதியை எடுத்துப் பார்க்கிறோம். வரவுப் பக்கம் 485,000. செலவுப் பக்கம் 476,000. ஒன்பதாயிரம் ரூபா வித்தியாசம். கணக்காளர் என்ன செய்வார்? புத்தகங்களைக் கிழித்தெறிவாரா? இல்லை. அந்த ஒன்பதாயிரத்தைத் தொங்கல் கணக்கு என்ற ஒன்றிலே தற்காலிகமாக வைப்பார். பிறகு வழுவைத் தேடுவார். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறதே, எங்கோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று ஊகிப்பார். தேடும்போது, 54,000 என்று எழுத வேண்டிய இடத்தில் 45,000 என்று எழுதியிருப்பது அகப்படும். அவ்வளவுதான். அதைத் திருத்தியதும் தொங்கல் கணக்கு மூடப்படுகிறது. மற்றப் பக்கங்களில் எழுதிய நூற்றுக்கணக்கான பதிவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன.

மகளே, பரீட்சையில் தவறியதும் நீங்கள் செய்வது என்ன? "எனக்கு ஒன்றுமே தெரியாது, எனது தலைக்கு இது ஏறாது" என்று முழுப் புத்தகத்தையும் கிழித்தெறிகிறீர்கள். வித்தியாசம் எங்கே என்று தேடுவதில்லை. தனியே படிப்பவளின் மனம் சோர்ந்து போவதற்கு முதற்காரணம் இதுதான். எங்கே பிழைத்தது என்று தெரியாதவளுக்கு எல்லாமே பிழையாகத் தெரியும். எல்லாமே பிழை என்று நினைப்பவளுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று புரியாது. ஆகவே முதல் வேலை, படிக்கத் தொடங்குவதன்று, தேடுவது.

கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுங்கள். புத்தகம் பார்க்காமல், மணிக்கூட்டை முன்னால் வைத்து, உரிய நேரத்துக்குள் செய்யுங்கள். பின்னர் அதற்குரிய புள்ளித் திட்டத்தை வைத்து நீங்களே திருத்துங்கள். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில் விடைகள் மட்டுமல்ல, பரீட்சார்த்திகள் வழமையாக எங்கே தவறுகிறார்கள் என்ற குறிப்புகளும் இருக்கும். இழந்த புள்ளிகளை ஒரு தாளில் தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதுங்கள்: பங்குடைமையில் இவ்வளவு, காசுப் பாய்ச்சல் கூற்றில் இவ்வளவு, வங்கிக் கணக்கிணக்கத்தில் இவ்வளவு, நேரம் போதாமல் தொடாமலே விட்டதில் இவ்வளவு என்று. அந்தத் தாள்தான் உங்கள் தொங்கல் கணக்கு. அதைச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு தலைப்பாகத் திருத்தித் திருத்தி வெட்டிக்கொண்டு வாருங்கள்.

மீண்டும் எழுதுவோர் பலர் இதற்கு மாறாகச் செய்கிறார்கள். முதலாம் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். இரட்டைப் பதிவும் நாளேடும் முன்னரே தெரிந்தவை. ஆகையால் மகிழ்ச்சியோடு போகும். கடினமான இடம் வந்ததும் கை தளரும். சில நாள் விட்டுவிட்டுப் பிறகு "முதலிலிருந்தே ஒழுங்காகத் தொடங்குவோம்" என்று திரும்பவும் முதலாம் பக்கம். இப்படியே முதல் மூன்று அத்தியாயங்கள் மனப்பாடமாகும்; கடைசி மூன்று அத்தியாயங்கள் புத்தம் புதிதாகவே இருக்கும்.

இன்னுமொன்று. நானாவோ ராத்தாவோ முன்னர் படித்த பழைய குறிப்புகளை நம்பியிருக்க வேண்டாம். 2012 ஜனவரி முதல் எமது நாட்டில் சர்வதேச நியமங்களுக்கு இசைவான கணக்கீட்டு நியமங்கள் நடைமுறைக்கு வந்தன. பழைய கொப்பியில் ஐந்தொகை என்று இருப்பதை இப்போது நிதி நிலைமைக் கூற்று என்று, புதிய ஒழுங்கில் எழுத வேண்டும். 2019 ஆம் ஆண்டில் உயர்தரப் பரீட்சையே புதிய பாடத்திட்டம், பழைய பாடத்திட்டம் என இரண்டாக நடந்தது. தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் பெற்று ஒப்பிட்டுப் பாருங்கள். தனியே படிப்பவளுக்கு அவைதான் வகுப்பாசிரியை.

அடுத்தது, வாசித்தல் வேறு, செய்தல் வேறு. செய்து முடித்த கணக்கை வாசிக்கும்போது எல்லாம் விளங்குவது போலிருக்கும். விடையை மூடிவிட்டு வெறுந்தாளை வைத்தால் பேனா நகராது. 1885 இல் ஜேர்மனிய அறிஞர் எபிங்ஹவுஸ், அர்த்தமற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, அவை எவ்வளவு விரைவாக மறந்துபோகின்றன என்று அளந்து எழுதினார். கற்றவற்றில் பெரும் பகுதி முதலாம் நாளிலேயே நழுவுகிறது என்பதும், இடைவெளி விட்டு மீட்டினால் நிலைக்கிறது என்பதும் அவர் கண்டவை. எமது ஹிப்ழு மத்ரஸாக்களில் இதை ஏட்டில் எழுதாமலே நடைமுறைப்படுத்தி வருகிறோம். ஒரு மாணவன் நாளொன்றில் புதுப் பாடம் ஒப்புவிப்பான். அண்மையில் ஓதிய பாடத்தை ஒப்புவிப்பான். பழைய பாடத்திலும் ஒரு பகுதியை ஒப்புவிப்பான். பழையதை விட்டவன் முன்னே ஓட, பின்னால் எல்லாம் கழன்றுகொண்டு வரும். கணக்கீட்டுக்கும் அதையே செய்யுங்கள். இன்று ஒரு புதுக் கணக்கு. சென்ற கிழமை பிழைத்த கணக்கு ஒன்று. சென்ற மாதம் செய்ததில் ஒன்று. மூன்றும் வெறுந்தாளில்.

"எத்தனை மணித்தியாலம் படிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். மணித்தியாலத்தை எண்ண வேண்டாம் என்பேன். புத்தகத்தை விரித்து வைத்து நான்கு மணித்தியாலம் ஜன்னலைப் பார்த்தாலும் அது நான்கு மணித்தியாலம்தான். முடித்த கணக்குகளை எண்ணுங்கள். ஒரு சிறு கொப்பியில் திகதி, செய்த கணக்கு, பிழைத்த இடம் என்று மூன்றே நிரல்கள். ஒன்றும் செய்யாத நாளிலும் திகதியை எழுதி அந்த வரியை வெறுமையாக விடுங்கள். வெறுமையான வரி ஒன்று இருந்தால் பரவாயில்லை. இரண்டு தொடர்ந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனதில் உற்சாகம் வரட்டும், பிறகு அமர்கிறேன் என்று காத்திருக்கவும் வேண்டாம். உற்சாகம் வேலைக்கு முன்னால் வருவது குறைவு. வேலையின் நடுவில்தான் வரும். ஒரு கணக்கின் இரு பக்கமும் சமப்பட்டு நிற்பதைக் காணும் மகிழ்ச்சியே அடுத்த கணக்குக்குக் கூலி. பரீட்சைத் திகதி அறிவிக்கட்டும் என்று காத்திருப்பதும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில் ஆகஸ்ட் மாதத்தில் நடந்து வந்த உயர்தரப் பரீட்சை, 2020 இல் ஒக்டோபருக்குப் போனது. 2021 ஆம் ஆண்டுக்குரியது 2022 பெப்ரவரியில்தான் தொடங்கியது. நாட்டின் நிலை எங்கள் கையில் இல்லை. இன்றைய ஒரு கணக்கு எங்கள் கையில் இருக்கிறது.

தனிமைக்கு என்ன செய்வது? தனியே படிப்பவளுக்குத் தன் பிழையைத் தானே காண்பது கடினம். இருவாரத்துக்கு ஒரு தடவையாவது, செய்த கொப்பியை முன்னர் படிப்பித்த ஆசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெட்கப்பட வேண்டாம்; தேடி வரும் மாணவியைக் கடிந்து திருப்பியனுப்பும் ஆசிரியை அரிது. வீட்டிலே, படித்ததை உம்மாவுக்கு விளங்கப்படுத்திப் பாருங்கள். சந்திக் கடையில் கடன் கொப்பி இருக்கிறது. கடைக்காரரின் ஏட்டில் நாங்கள் கடன்பட்டோர், எங்கள் ஏட்டில் அவர் கடன்கொடுத்தோர். இந்த மாத மின்சாரத்தை எரித்தாயிற்று, பட்டியலை இன்னும் கட்டவில்லை. அது அட்டுறு செலவு. உம்மா பிடிக்கும் சீட்டில் யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று அவர் தலையில் வைத்திருப்பதும் ஒரு பேரேடுதான். உம்மாவுக்கு விளங்கினால் உங்களுக்கு விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த அறிவு சிறியதன்று. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் சூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம். அது கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதே. இரட்டைப் பதிவு முறையை விளக்கும் லூக்கா பாச்சியோலியின் நூல் 1494 இல் வெனிஸ் நகரில் அச்சானது. இத்தனை நூற்றாண்டுகளாக மனிதர் கற்றுவரும் ஒரு கலையில் முதல் தடவையிலேயே கை பழகவில்லை என்பது எந்தப் பெண்ணுக்கும் இழுக்கல்ல.

இனி, வீட்டிலுள்ளோருக்கு ஒரு வார்த்தை.

உம்மாமாரே! மகள் வீட்டில் இருக்கிறாள் என்பதற்காக அவள் சும்மா இருக்கிறாள் என்று எண்ணாதீர்கள். பாடசாலைக்குப் போன காலத்தில் காலை முதல் பகல் வரை அவளை யாரும் கூப்பிடவில்லை. இப்போது ஒரு கணக்கு முடிவதற்குள் தேங்காய் திருவவும், தம்பியைக் குளிப்பாட்டவும், வந்தவருக்குத் தேநீர் கொடுக்கவும் நாலு தடவை எழும்புகிறாள். நீண்ட கணக்கொன்றில் இடையில் எழும்பியவள் திரும்பவும் ஆரம்பத்திலிருந்தே தொடங்க வேண்டும். சுபஹுக்குப் பின் இரண்டு மணித்தியாலம் அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். அந்த நேரத்தில் அவள் பாடசாலையில் இருப்பதாக வீடு நினைத்துக்கொள்ளட்டும். மீதி நேரத்தில் அவள் வீட்டு வேலையில் சந்தோஷமாகக் கைகொடுப்பாள். மணமுடித்துப் பிள்ளையோடு இருந்து மீண்டும் எழுதும் மருமகளுக்கும் மாமியார் கொடுக்கக்கூடிய பெரிய அன்பளிப்பு அந்த இரண்டு மணித்தியாலம்தான்.

வாப்பாமாரே! "இந்த முறையாவது பாஸாகுமா?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்காதீர்கள். "இன்று எந்தக் கணக்கு செய்தீர்கள்?" என்று கேளுங்கள். முதலாவது கேள்விக்கு அவளிடம் விடை இல்லை, இரண்டாவதற்கு இருக்கிறது. சாச்சி மகளோடு ஒப்பிட்டுப் பேசுவதும், கலியாணப் பேச்சைத் தோல்விக்குத் தண்டனை போல எடுப்பதும் அவளைப் படிக்க வைக்காது. அழ மட்டுமே வைக்கும்.

இறுதியில் பெறுபேறு எப்படி அமைந்தாலும் கற்றது வீண்போவதில்லை. பல்கலைக்கழகம் ஒரு வாசல். அது ஒன்றுதான் வாசல் என்றில்லை. 1987 இல் தொடங்கப்பட்ட கணக்கீட்டுத் தொழினுட்பவியலாளர் சங்கத்தின் ஏ.ஏ.ரீ. பரீட்சைகள் போன்ற வேறு வழிகளும் இத்துறைக்கு உண்டு. தகைமைகளை நேரிலேயே விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். கணவனின் கடையில் இலாபம் எது, முதல் எது என்று பிரித்தறியத் தெரிந்த பெண் அந்தக் குடும்பத்துக்கே ஒரு பாதுகாப்பு.

மகளே, நாளைக்கு முழு நேர அட்டவணை ஒன்றை அழகாகக் கீறி நிறம் தீட்ட வேண்டாம். இன்று இஷாவுக்குப் பின் ஒரேயொரு வினாவை எடுத்து வெறுந்தாளில் செய்து பாருங்கள். எந்த வரியில் கை நின்றது என்று பார்த்து, அந்த வரியின் கீழே ஒரு கோடு இடுங்கள். நாளை சுபஹுக்குப் பின் அங்கிருந்து தொடங்கலாம். அல்லாஹ் உங்கள் முயற்சியில் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்.