முதல்ல "நல்லா இருக்கியா?"



பொங்கல் லீவு முடிஞ்சு பள்ளி திறந்தா, எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஊருக்குப் போனியா? புதுத் துணி என்ன எடுத்தாங்க?" என்பதுதான். கேட்பது தப்பில்லை. ஆனா பதில் இல்லாதவங்க என்ன செய்வாங்க?

நம்ம மூக்கண்டப்பள்ளி சிப்காட் பக்கத்தில் இருக்கு. தர்மபுரி, சேலத்திலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் வேலைக்காகக் குடும்பங்கள் வந்திருக்கு. அப்பாவுக்கு ஷிப்டு இருந்தா பண்டிகைக்கும் ஊர் கிடையாது. பீகாருக்கு ரயிலில் போகவே ஏறக்குறைய 2 நாள் ஆகும். நாலு நாள் லீவில் எப்படிப் போய் வருவது? அந்தப் பிள்ளைங்க தலையைக் குனிஞ்சு புத்தகத்தைப் புரட்டுவாங்க. அன்னைக்கு முழுக்கப் பேச மாட்டாங்க.

அதனால முதலில் "நல்லா இருக்கியா?"ன்னு கேட்போம். இதுக்கு எல்லார்கிட்டயும் பதில் இருக்கு.

1956 நவம்பர் 1-இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தார்கள். ஜூஜுவாடி தாண்டினா கர்நாடகா. ஆனா நம்ம தெருவில் அப்படிக் கோடு எதுவும் இல்லை. தெலுங்கில் "பாகுன்னாவா?", கன்னடத்தில் "சென்னாகிதீயா?", இந்தியில் "கைசே ஹோ?". மூணையும் கத்துக்க ஒரு நிமிஷம் போதும். அவங்க பாஷையில் கேட்டா முகம் மலரும். அப்புறம் பேச்சு தானா வரும்.

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். "விடுமுறையில் சென்று வந்த இடம்" என்று கட்டுரை கேட்காமல், "விடுமுறையில் ஒரு நாள்" என்று கேளுங்கள். ஊர் இல்லாதவங்களும் எழுதுவாங்க.

'இனியவை கூறல்' என்று திருவள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதினார், 10 குறள். நாம் ஒரு கேள்வி கேட்கக் கூடாதா?

- 9-ஆம் வகுப்பு மாணவி