விழுப்புரத்தில் மாட்டிய ஜப்பான் இன்ஜின்

தூத்துக்குடியில் ஏறி, மீட்டர் கேஜ் ரயிலில் எழும்பூர் வந்து இறங்கிய தலைமுறைக்கு விழுப்புரம் மறக்காது. அங்கேதான் வந்த இன்ஜினைக் கழற்றிவிட்டு, மின்சார இன்ஜினை மாட்டுவார்கள். அது ஜப்பானில் இருந்து வந்தது என்பது பயணிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன் பெயர் ஒய்.ஏ.எம்-1. 'ஒய்' என்றால் மீட்டர் கேஜ். 'ஏ' என்றால் ஏ.சி. மின்சாரம், 'எம்' என்றால் பயணிகள் ரயில், சரக்கு ரயில் இரண்டையும் இழுக்கும். 1960களில் மிட்சுபிஷி நிறுவனம் இப்படி 20 இன்ஜின்களைச் செய்து கொடுத்தது. சென்னை கடற்கரை - விழுப்புரம் தடத்தில் அவை ஓடின. பாதை அகலமானதும் அவற்றுக்கு ஓட இடமில்லாமல் போனது. கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில்களும் 2004-ல் நின்றுவிட்டன.

இதன் குட்டி மாதிரியைச் செய்ய விரும்புகிறவர்கள் தண்டவாளத்தில் கவனமாக இருக்க வேண்டும். உலகெங்கும் பிரபலமான ஹெச்.ஓ. மாதிரிகள், நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அவற்றின் வழக்கமான தண்டவாள அகலம் 16.5 மி.மீ. அது 1,435 மி.மீ. பாதைக்கான கணக்கு. நம் மீட்டர் கேஜுக்கு 1,000-ஐ 87-ஆல் வகுத்தால் சுமார் 11.5 வரும். எனவே 12 மி.மீ. தண்டவாளம்தான் சரி. சுலபமாகக் கிடைக்கிறதே என்று 16.5-ல் நிறுத்தினால், கூடு மட்டும்தான் ஒய்.ஏ.எம்-1.

அலமாரியில் இருப்பதைப் பார்த்து, "தண்டவாளம் ஏன் தாத்தா இவ்வளவு ஒடுக்கமா இருக்கு?" என்று பேரன் கேட்கட்டும். தூத்துக்குடி ரயில் கதையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.