செட்டிலாக வருகிறவர்களும் திருச்சி நஞ்சையும்

பணி ஓய்வு பெற்ற வங்கி நண்பர்கள் யாரிடம் பேசினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். "சார், சென்னை போதும்னு ஆயிடுச்சு. திருச்சிப் பக்கம் ஒரு மனை வாங்கி, வீட்டைக் கட்டி செட்டில் ஆயிடலாமா?" கணினி வேலையில் இருக்கிற நாற்பது வயதுக்காரர்களும் இப்போது இதையே கேட்கிறார்கள். "தாராளமா வாங்க" என்பதுதான் என் பதில். ஆனால் வீட்டை எந்த நிலத்தின் மேல் கட்டுவது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. உழவர்களாகிய நாமும் இதில் ஒரு நிலை எடுத்தாக வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அவர்கள் திருச்சியை விரும்புவதில் தப்பே இல்லை. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சியின் மக்கள்தொகை எட்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வேலைக்குப் போய்வரவே அரைநாள் தொலைகிற ஊர் அல்ல. நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன, எந்தத் திசைக்கும் ரயில் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் விமான நிலையத்துக்குப் புது முனையம் வந்தது. 2025இல் பஞ்சப்பூரில் பெரிய பேருந்து முனையம் திறந்தார்கள். குழாயைத் திறந்தால் காவிரித் தண்ணீர். காலையில் பறித்த கீரை, வெட்டின வாழைத்தார், கறந்த பால். சாயந்திரம் வயல்பக்கமிருந்து வருகிற காற்று.

இந்தப் பட்டியலில் பாதி, அரசும் தனியாரும் கட்டிக் கொடுத்தது. மீதிப் பாதி, ஊரைச் சுற்றியுள்ள வயலும் வாய்க்காலும் கொடுப்பது. செட்டிலாக வருகிறவர் இரண்டாவது பாதியை நம்பித்தான் வருகிறார். வந்தவுடன் அதன் மேலேயே அஸ்திவாரம் தோண்டுகிறார். சிக்கல் இங்கேதான்.

உய்யக்கொண்டான் பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகருக்குள்ளேயே புகுந்து, ஏறத்தாழ 70 கி.மீ. ஓடி, வாழவந்தான்கோட்டை ஏரியில் சேர்கிறது. சோழர் காலத்து வாய்க்கால். அதையும் மற்றக் காவிரி வாய்க்கால்களையும் நம்பித்தான் குழுமணி, வயலூர் சுற்றுவட்டாரத்தில் நெல்லும் வாழையும் நிற்கின்றன. வயலில் தண்ணீர் கட்டி நிற்பதால்தான் பக்கத்துக் கிணற்றில் ஊற்று இருக்கிறது. தில்லைநகரே ஒரு காலத்தில் வயல்தான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். நகரம் இதோடு நிற்கிற மாதிரித் தெரியவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மனை போட்டால் சாலைக்கும் பொது இடத்துக்கும் சுமார் 40 விழுக்காடு போகும். மீதியில் 1,500 சதுர அடி வீதம் 17 மனை தேறும். ஒரு வீட்டுக்கு மாதம் 25 கிலோ அரிசி என்றால் 17 வீட்டுக்கு வருஷத்துக்கு 5,100 கிலோ. அதே ஏக்கரில் நாம் இயற்கை வழியில் ஒரு போகம் 60 கிலோ மூட்டையாக 20 மூட்டை எடுத்தால் 1,200 கிலோ நெல். அரைத்தால் சுமார் 720 கிலோ அரிசி. ஆக, இரண்டு குடும்பத்துக்கும் கொஞ்சம் மேலேயே சோறு போட்ட நிலத்தை எடுத்துவிட்டு, ஏழு ஏக்கர் விளைச்சலைக் கேட்கிற 17 குடும்பத்தை அங்கே உட்கார வைக்கிறோம். அந்த ஏழு ஏக்கர் எங்கே இருக்கிறது என்று மனை விற்கிறவரும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை.

வங்கியில் இருந்தபோது இரண்டு வகைக் கோப்பும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒரு ஏக்கர் நெல்லுக்குப் பயிர்க்கடன் சில பத்தாயிரம்தான். அதே ஏக்கர் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவாக மாறிவிட்டால் ஒவ்வொரு மனைக்கும் பல லட்சம், இருபது வருஷத் தவணை. கொடுக்கிற கடனில் 18 விழுக்காடு வேளாண்மைக்குப் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி இலக்கு வைத்திருக்கிறது. போன வருஷம் கடன் கொடுத்த வயல் இந்த வருஷம் வயலாக இருக்கிறதா என்று அந்த இலக்கு கேட்பதில்லை.

விற்கிற உழவரை நான் குறை சொல்ல மாட்டேன். கல்யாணம், வைத்தியம், கடன் எல்லாம் நமக்கும் உண்டு. முதலில் விற்கிறவருக்குத்தான் யோசிக்க இடம் இருக்கிறது. பக்கத்து வயலில் மனை விழுந்ததும் கன்னி வாய்க்கால் தூர்ந்து போகிறது. வடிகால் அடைபடுகிறது. வீட்டுச் சாக்கடை வயலுக்குள் வருகிறது. அறுவடை மிஷின் வர வழி இல்லை. கடைசியாக விற்கிறவர் தள்ளப்பட்டுத்தான் விற்கிறார். இரண்டு மூன்று வருஷம் தரிசாகக் கிடந்த பிறகு, "இங்கே சாகுபடியே கிடையாதே" என்று சொல்லி மீதியையும் மாற்றிவிடுவது பல ஊரில் நாம் பார்க்கிற வேலை.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு பெங்களூருவைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஓய்வூதியக்காரர்களின் சொர்க்கம் என்று பேர் வாங்கிய ஊர். நல்ல காற்று, ஏரிகள், தோட்டங்கள் என்றுதான் அங்கே போனார்கள். ஏரியும் தோட்டமும் கட்டடமாயின. 2024 கோடையில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள். ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலிருந்து காவிரியை மேடேற்றிக் கொண்டுபோயும் அந்த ஊருக்குப் போதவில்லை.

சட்டம் காப்பாற்றுமா? 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் திருச்சி மாவட்டத்தைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தாலும் அது எண்ணெய், எரிவாயு, உருக்காலை போன்றவற்றைத் தடுக்கிற சட்டம். மனைப்பிரிவு அதன் பட்டியலில் இல்லை. கேரளத்தில் 2008லேயே நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். வேறு இடம் இல்லாத வயல்காரர் தான் குடியிருக்க வீடு கட்ட, உரிய குழுவின் அனுமதியோடு, ஊராட்சியில் 10 சென்ட், நகரத்தில் 5 சென்ட் வரை இடம் உண்டு. வியாபாரத்துக்கு மனை போட இடம் இல்லை. அங்கேயும் மீறல் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மீறல் என்று சொல்லி வழக்குப் போட ஒரு சட்டமாவது இருக்கிறது. இங்கே வாய்க்கால் பாசன நஞ்சைக்கு அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

சட்டம் வருகிற வரை சும்மா இருக்க முடியாது. செட்டிலாக வருகிற சொந்தக்காரர், நண்பர் எல்லாருக்கும் நாம் சொல்ல வேண்டியது இதுதான். ஊருக்குள் ஏற்கெனவே கட்டின பகுதியில் பழைய வீடோ அடுக்குமாடியோ பாருங்கள். வயசான காலத்தில் ஆஸ்பத்திரியும் கடையும் நடக்கிற தூரத்தில் இருப்பது உங்களுக்கும் நல்லது. புறநகர்தான் வேண்டும் என்றால் கிராம நிர்வாக அலுவலகத்தில் அ பதிவேட்டைப் பார்த்து நஞ்சையா புஞ்சையா என்று தெரிந்துகொள்ளுங்கள். புல வரைபடத்தில் வாய்க்கால், வடிகால் ஓடுகிறதா என்று பாருங்கள். 1977 வெள்ளத்திலும் 2005 வெள்ளத்திலும் அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். கோரையாறும் குடமுருட்டியும் தங்கள் பழைய வழியை மறப்பதில்லை.

நம் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. ஊர் வளர்வது நமக்குக் கெடுதல் மட்டும் இல்லை. நஞ்சில்லாத அரிசியும் காயும் தேடுகிறவர்களில் பலர் இப்படி வருகிறவர்கள்தான். 2025-26 கொள்முதலில் சன்ன நெல்லுக்குக் குவிண்டால் 2,545 ரூபாய். 20 மூட்டைக்கு 30,540 ரூபாய் வரும். அதையே அரைத்து வீடுகளுக்குக் கிலோ 75 ரூபாய் என்று நேரடியாகக் கொடுத்தால் 54,000 ரூபாய். அரவைக் கூலி, வண்டிச் செலவு போனாலும் கையில் நிற்பது கூடத்தான். 20 குடும்பம் மாதம் 25 கிலோ என்று உறுதி சொன்னால் வருஷத்துக்கு 6,000 கிலோ. எட்டு, ஒன்பது ஏக்கருக்கு வேலை. மூன்று, நாலு உழவர்கள் சேர்ந்தால் தாங்கக்கூடிய அளவு. தென்னூர், கே.கே.நகர் உழவர் சந்தைகளில் தினம் வந்து நிற்கிற முகங்களிலிருந்தே இந்த 20 பேரைத் தேடலாம்.

அவர்களை வருஷத்துக்கு இரண்டு முறை, நடவுக்கும் அறுப்புக்கும், வயலுக்குக் கூப்பிடுங்கள். தான் சாப்பிடுகிற சோறு எந்த வாய்க்காலில் விளைகிறது என்று பார்த்தவர், அந்த வாய்க்காலைத் தூர்த்துப் போட்ட மனையை வாங்கக் கொஞ்சமாவது தயங்குவார். ஊராட்சிக் கூட்டத்தில் நம்மோடு நின்று பேசவும் வருவார். அடுத்த கிராம சபைக்கு முன்னால் ஒவ்வொரு ஊரிலும் நம் ஆட்கள் பாசன வாய்க்கால்களின் பட்டியலை எடுத்து, எதெது எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று எழுதி வையுங்கள். மனுவாகக் கொடுக்க அது தேவைப்படும்.