தொண்டையில் திரும்பத் திரும்ப முளைக்கும் மரு... தடுப்பூசி கைகொடுக்குமா?

குழந்தை அழும் சத்தம் கம்மிப்போய், காற்று மட்டும் வருவதுபோலக் கேட்டால், 'சளி கட்டியிருக்கு' என்று கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். மூச்சு விடும்போது விசில் சத்தமும் சேர்ந்துகொண்டால், ஆஸ்துமா என்று நெபுலைசர் வைப்பார்கள். இப்படியே மாதங்கள் ஓடிய பிறகு, காது மூக்கு தொண்டை மருத்துவர் சின்னக் கேமராவை விட்டுப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும்... குரல்நாண்களின் மேல் கொத்துக் கொத்தாக மருக்கள்!

காரணம், ஹெச்.பி.வி வைரஸ். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் அதே குடும்பம்தான், ஆனால் வகை வேறு. அந்தப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் 16, 18 என்ற வகைகள். தொண்டை மருவுக்கு 6, 11. இந்த மரு புற்றுநோயாக மாறுவது மிக அரிது. ஆனால், குழந்தையின் மூச்சுப்பாதை குறுகலானது. அதை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து இந்த வைரஸ் வருகிறது. இதைக் கேட்டதும் சில வீடுகளில் அம்மாவைக் குற்றவாளியாகப் பார்ப்பார்கள். அது அநியாயம். தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலானோரை, ஆணோ பெண்ணோ, இந்த வைரஸ் என்றாவது ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் போகும். அறிகுறியே இருக்காது. வைரஸ் உள்ள தாய்மார்களின் குழந்தைகளிலும் மிகச் சிலருக்கே மரு வருகிறது. சிசேரியன் செய்தாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது.

மயக்க மருந்து கொடுத்து, லேசர் மூலமாகவோ, நுண்கருவியால் சுரண்டியோ மருவை எடுப்பார்கள். ஆனால், பக்கத்தில் நன்றாகத் தெரியும் சவ்வுக்குள்ளும் வைரஸ் பதுங்கியிருக்கும். அதனால் மரு திரும்ப வருகிறது. சில குழந்தைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ஆபரேஷன் தேவைப்படும். குரல்நாணில் தழும்பு விழுந்து, குரலே மாறிவிடவும் கூடும். பள்ளிக்கூட லீவு, செலவு, தியேட்டர் வாசலில் காத்திருப்பு எல்லாம் தனி.

இங்கேதான் தடுப்பூசி வருகிறது. வந்த நோய்க்குத் தடுப்பூசி எதற்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். செல்லுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட வைரஸை இந்த ஊசி அழிக்காது. ஆனால், ஆபரேஷனின்போது உதிரும் வைரஸ் பக்கத்து இடத்தில் போய் ஒட்டுவதை, ஊசியால் உருவாகும் எதிர்ப்புப் பொருள்கள் தடுக்கலாம் என்பது மருத்துவர்களின் கணிப்பு. ஊசி போட்ட பிறகு ஒரு ஆபரேஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பலன் தெரியவில்லை என்று சொன்னவையும் உண்டு. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். ஆகவே, இது கூடுதல் முயற்சிதான். 'ஊசி போட்டாச்சே' என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.

வருமுன் காப்பதில்தான் இதன் பலம் பளிச்சென்று தெரிகிறது. ஆஸ்திரேலியா 2007-ல் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கியது. அங்கே குழந்தைகளிடம் புதிதாகக் கண்டறியப்பட்ட தொண்டை மரு நோய், 2012-ல் 7 பேருக்கு இருந்தது. 2016-ல் ஒரே ஒருவர்!

அமெரிக்காவில் 2025 ஆகஸ்ட்டில், வந்துவிட்ட நோய்க்கே சிகிச்சையாக 'பாப்சிமியோஸ்' என்ற ஊசிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இது பெரியவர்களுக்கு மட்டும். சோதனையில் 35 பேரில் 18 பேருக்கு, சிகிச்சை முடிந்த பிறகு ஓர் ஆண்டுக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை.

ஊசி போடப்போகும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா ஹெச்.பி.வி ஊசியும் ஒன்றல்ல. 16, 18-க்கு மட்டுமான ஊசியும் இருக்கிறது. அது தொண்டை மருவுக்கு உதவாது. கார்டசில், புனேயில் தயாராகும் செர்வாவாக் ஆகியவற்றில் 6, 11 வகைகளும் சேர்ந்தே இருக்கின்றன. மரு உள்ள குழந்தைக்கு எந்த வயதில், எத்தனை தவணை என்பதை சிகிச்சை தரும் மருத்துவரே முடிவு செய்வார். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி போடுவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு, பால் கொடுக்கும் காலத்தில் போட்டுக்கொள்ளலாம்.